கப்பலுக்குக் கொசுறு

"ஏன் தம்பி, கப்பல்ல நீச்சல் குளம் இருக்குங்கறீங்களே, அதுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள் அமிர்தம்.

மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது அந்த டிராவல்ஸ். கடைக்காரன் இர்பான் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அதெல்லாம் டிக்கெட்லயே சேர்ந்ததும்மா."

"சுத்தி இருக்கறது பூரா தண்ணி. நடுவுல குளம் எதுக்கு? எங்க வயல்லயே போர்செட் இருக்கு. குளம் வேணாம், அதுக்கு உண்டானதைக் கழிச்சுக்குங்க."

பக்கத்தில் இருந்த மருமகள் கவிப்ரியாவுக்கு, எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

மாமனார் வைரக்கண்ணுவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் ஜாம்ஜாமென்று முடிந்திருந்தது. அந்த ஜோரிலேயே, குடும்பத்தோடு சென்னையில் கப்பல் ஏறி விசாகப்பட்டினம் வரை போய்வருவது என்று முடிவானது. வீடே துள்ளிக்கொண்டிருந்தது, கவிப்ரியாவைத் தவிர.

அவளுக்குத் தன் அம்மா செந்தாமரையும் வரவேண்டும். அப்பா போனபின் மன்னார்குடியில் தனியாகத் தையல் மெஷினோடு காலம் தள்ளுகிறவள். வேளாங்கண்ணியைத் தாண்டி எங்கும் போனதில்லை.

அம்மா ஒரே பிடிவாதம். "பொண்ணு குடுத்த வீட்டுக் காசுல நான் கப்பல் ஏறினா நல்லாவா இருக்கும்?"

"என் சம்பளத்துல எடுக்கறேம்மா."

"கட்டிக் குடுத்தப்புறம் உன் சம்பளமும் அந்த வீட்டுக் காசுதான்." ஃபோனை வைத்துவிட்டாள்.

அம்மா இல்லாமல் என்ன கப்பல் என்று ஒரு வாரமாக உம்மென்று இருந்தவளை, டிக்கெட் போட வா என்று இழுத்து வந்திருந்தாள் மாமியார். வந்த இடத்தில் மானமும் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஜன்னல் இல்லாத ரூம் போதும்" என்றாள் அமிர்தம். "தூங்கறதுக்கு எதுக்கு ஜன்னல்? கடலைப் பாக்கணும்னா மேல ஏறி நின்னு பாத்துட்டுப் போறோம்."

"சரிம்மா."

"சாப்பாடு?"

"மூணு வேளையும் உண்டு. எவ்வளவு வேணா சாப்பிடலாம்."

"எங்க வீட்டுக்காரர் சனிக்கிழமை ஒருபொழுது. ராத்திரி பச்சைத் தண்ணிதான். அந்த ஒரு வேளையைக் கழிச்சுடுங்க."

பின்னால் காத்திருந்த ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். "அத்தை, போதும் அத்தை" என்று கவிப்ரியா முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு. தம்பி, நாங்க ஆறு டிக்கெட் எடுக்கறோம். கொசுறு எவ்வளவு?"

இர்பான் விழித்தான். "கொசுறா?"

"கால் கிலோ கத்திரிக்கா வாங்கினாலே ஒரு கொத்து கறிவேப்பிலை போடறாங்க. ஆறு டிக்கெட்டுக்கு ஒரு டிக்கெட்டாவது போட மாட்டீங்களா?"

"அம்மா, இது கப்பலும்மா."

"கப்பல்னா என்ன, யாவாரம்தானே? முடியாதுன்னா சொல்லிடுங்க, நாங்க கும்பகோணத்துல பாத்துக்கறோம். எந்திரி கவி."

கவிப்ரியா முந்திக்கொண்டு எழுந்தாள். தப்பித்தால் போதும் அவளுக்கு.

"உக்காருங்கம்மா, கேட்டுப் பாக்கறேன்." இர்பான் ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. "சரிம்மா. ஒண்ணே ஒண்ணு. வெளியில சொல்லிடாதீங்க, ஊரே வந்து நிக்கும். யார் பேருக்குப் போடறது?"

அமிர்தம் யோசித்தாள். ஓரகத்திக்குத் தலை சுற்றும், நாத்தனாருக்கு வாய் ஜாஸ்தி என்று ஒவ்வொருவராய்க் கழித்துவிட்டு, "ஏன் கவி, உங்கம்மா சும்மாத்தானே இருக்காங்க? கேட்டுப் பாரு. வாங்கினது வீணாப் போகக் கூடாதுல்ல" என்றாள்.

கவிப்ரியா உடனே ஃபோன் போட்டாள். அம்மா எடுத்ததும் மூச்சு விடாமல் கொட்டினாள். "அம்மா, கப்பல்ல ஒரு டிக்கெட் கொசுறா குடுத்துட்டாங்கம்மா. அத்தை சண்டை போட்டு வாங்கினாங்க. சத்தியமா யார் காசும் இல்லம்மா. நான் இங்கதான் உக்காந்திருக்கேன், என் கண்ணால பாத்தேன்."

மறுமுனையில் செந்தாமரை சிரிக்க ஆரம்பித்தாள். மகள் அந்தச் சிரிப்பைக் கேட்டு வருஷக்கணக்காகிறது.

"கப்பலுக்குக் கொசுறா? சம்பந்தியம்மா கிட்ட யாராலடி முடியும்? கொசுறுன்னா எனக்கென்ன, வர்றேன்."

"அம்மா வர்றாங்களாம் அத்தை." கவிப்ரியா மாமியாரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இர்பானுக்கும் பின்னால் இருந்தவருக்கும் கைகொடுத்தாள். "எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிட்டு வர்றேன்" என்று எதிர்க் கடைக்குப் பறந்தாள்.

அவள் ரோட்டைத் தாண்டும்வரை காத்திருந்து இர்பான் குரலைத் தாழ்த்தினான். "ஏம்மா, நேத்தே தனியா வந்து ஏழு டிக்கெட்டுக்கும் முழுசா பணம் கட்டிட்டீங்க. இன்னைக்கு வந்து கொசுறு கேப்பேன்னு சொன்னீங்க, சரி. அந்த ஒருபொழுது சாப்பாட்டைக் கழிக்கச் சொன்னீங்களே, அது நாம பேசி வச்சதுல இல்லையே?"

"அது நெஜமாத்தான் கேட்டேன்" என்றாள் அமிர்தம்.

"உங்க மருமககிட்ட மட்டுமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எவ்வளவு கூசிப் போய் உக்காந்திருந்தாங்க, பாவம்."

அமிர்தம் எதிர்க் கடையைப் பார்த்தாள். "அவளுக்குப் பொய் சொல்ல வராது தம்பி. அவ நம்பினாத்தான் அவங்கம்மா நம்புவாங்க."