மூன்றாவது பூட்டு

“சுவிட்சைத் தொடாதேங்கோ அண்ணை, இன்னும் ஒரு பூட்டுத் தொங்குது.”

ஜெனிதா பின்னாலிருந்து சொன்னாள். டிலானுக்குத் திரும்பிப் பார்க்கவும் அலுப்பாக இருந்தது. விடியலிலிருந்து இருவரும் துறைமுகத்தடி மீன் குளிரறையின் விசிறியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகக் களைத்திருந்தார்கள். வெளியே மீன்பெட்டிகளில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

வேலைக்கு உள்ளே போகிறவர் தன் பூட்டைச் சுவிட்சில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்து தானே கழற்ற வேண்டும். அதுவரை யாரும் கரண்ட் கொடுக்கக் கூடாது. பயிற்சிக்கு வந்த முதல் நாளே டிலான் அவளுக்குச் சொன்னது அதைத்தான். உள்ளே போனவர்கள் இருவர். இருவரும் தங்கள் பூட்டுகளைக் கழற்றிவிட்டார்கள்.

“முதலாளி போட்டிருப்பார்.”

“அவர் எங்க உள்ளுக்கு வந்தவர்? வாசல்ல நிண்டு கத்தினதுதானே.”

குளிரறைக்குள் டோர்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார்கள். வெறும் தட்டுகள். ஒருவரும் இல்லை.

“பூட்டை வெட்டுவம்” என்றான் டிலான்.

ஜெனிதா தொங்கிய பூட்டைத் திருப்பிப் பார்த்தாள். நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூடெக்ஸால் ‘ஜெனி’ என்று எழுதியிருந்தது. அவளுடைய கோணல் எழுத்து. காற்சட்டைப் பையிலிருந்த தன் பூட்டை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அதே எழுத்து. தன் பூட்டின் திறப்பைத் தொங்கிய பூட்டில் போட்டாள். இலேசாகத் திரும்பியது.

“திறபடுதெண்டால் கழட்டன் பிள்ளை. மீன் பழுதாகுது.”

அவள் கையை எடுக்கவில்லை.

“கழட்டலாம் அண்ணை. நான் இன்னும் வெளியில வரேல்லையெண்டால்?”