தாளின் முதல் வரி

"பயப்படத் தேவையில்லை" என்று தொடங்கியது, குழாய் வழியாக உணவு கொடுக்கும் முறையைச் சொல்லும் அந்த வார்டின் தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே அவள் மகனின் மூக்கில் செருகியிருந்த குழாயில் பாலை ஊற்றப் போனாள்.

இளம் நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா! குழாய் வயித்துலதான் இருக்கான்னு முதல்ல பாருங்க. நகர்ந்திருந்தா பால் நுரையீரலுக்குப் போயிடும்."



"அம்மா ரெண்டாவது தடவையும் பெயில்," என்றான் மகன்.

"மூணாவது தடவையாவது சரியா செய்யுங்கக்கா. நாளைக்கு நீங்க வீட்டுக்குப் போனதும் கூட நான் இருக்க மாட்டேன்."

"என்னால முடியாது. என் கையாலயே இவனைக் கொன்னுடுவேன்." தாளைக் கசக்கினாள். "பயப்படத் தேவையில்லையாம்! இதை எழுதினவ பிள்ளை பெத்தவளா இருக்க மாட்டா."

நர்ஸ் மெல்லச் சொன்னாள்: "ஆமாக்கா. நீங்க இதை எழுதினப்போ இவன் பொறக்கலை."

பத்து வருடமாக அந்த வார்டின் தலைமை நர்ஸ் இந்த அம்மாதான். எத்தனை தாய்மார்களிடம் சிரித்துக்கொண்டே இந்தத் தாளைக் கொடுத்திருப்பாள்!

நர்ஸின் பேனாவை வாங்கி, முதல் வரியை அடித்துவிட்டு மேலே எழுதினாள்: "பயமாகத்தான் இருக்கும். பயத்தோடேயே முதலில் குழாயைப் பாருங்கள்."

பிறகு, நடுங்கும் கையோடு குழாயைப் பார்த்தாள்.