ராஜாவின் பிடரியில் நாலு விரல்

நாடகத்தில் ராஜா வேஷம் கட்டிப் பாடும் தில்லைக்கண்ணு, நோட்டீஸுக்குப் படம் பிடிக்க, கிரீடமும் ஒட்டுமீசையுமாக அட்டைச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை அசையாமலிருக்க ஸ்டூடியோக்காரர் அவள் பிடரியில் ஓர் இரும்புக் கவ்வியைப் பொருத்தியிருந்தார். அது பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. அவள் நெளிந்ததில் அதுவரை படமெடுத்த இரண்டு கண்ணாடித் தகடுகளிலும் ராஜாவுக்கு இரண்டு மூக்கு விழுந்தது.

“இது கடைசித் தகடும்மா” என்றார் அவர்.

மூலையிலிருந்து அவள் புருஷன், ஆர்மோனியக்காரன் காசிலிங்கம் எழுந்து வந்தான். ‘உன் குரலுக்கு இனிமே சுருதிய அரைக்கட்டை குறைக்கணும்’ என்று எல்லோர் எதிரிலும் அவன் சொன்ன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கவ்வியைக் கழற்றிப் போட்டான். சிம்மாசனத்துக்குப் பின்னால் மண்டியிட்டு, அவள் பிடரியைத் தன் கையால் தாங்கிக்கொண்டான்.

“பேசக் கூடாது” என்று எச்சரித்துவிட்டு ஸ்டூடியோக்காரர் லென்ஸின் மூடியைத் திறந்தார். அதில் அவர்களுக்குச் சிரமமே இருக்கவில்லை. ராஜா இமைகூட அசைக்கவில்லை.

படம் அழகாக வந்திருந்தது. கூடவே கழுத்தோரம் நாலு விரலும் விழுந்திருந்தன.

“கவலப்படாதீங்க, கத்தியால சுரண்டி எடுத்துடுறேன்.”

தில்லைக்கண்ணு படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

“வேணும்னா மீசையச் சுரண்டுங்க” என்றாள். பிறகு, வாசலில் நின்றவன் பக்கம் திரும்பாமலே, “எங்க ஆர்மோனியக்காரர்கிட்ட சொல்லுங்க, இன்னிக்கு அரைக்கட்டை கொறச்சே வாசிக்கட்டும்.”