கைதட்டக் கூடாத இடம்

பள்ளியில் கடல் வகுப்பு தொடரலாமா என்று முடிவு செய்யவேண்டிய தாளாளர், பொன்னாடையுடன் கடலின் மகத்துவத்தை மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். எதிரே மாணவி ஜெனோவா, நண்டு குடியிருக்கும் சங்கை உள்ளங்கையில் ஏந்தி நின்றாள்.

"நண்டு எங்கம்மா? காலிச் சங்க வச்சா வகுப்பு நடத்துறீங்க?" என்று மைக்கிலேயே கேட்டார் தாளாளர்.

"உள்ளதான் இருக்கு சார். நீங்க கொஞ்சம் பேசாம இருந்தா வரும்."

அவள் பக்கத்தில் நின்ற ஆசிரியை கண்களை மூடிக்கொண்டார். தாளாளர் மைக்கை அணைத்தார். பேச்சு முடிந்ததென்று வழக்கம்போல் கைதட்டப்போன உதவியாளரை முறைத்தார்.

மண்டபமே அடங்கியது. சங்கின் வாயில் ஒரு மீசை அசைந்தது. பிறகு ஒரு கால் வந்தது. தாளாளர் தன்னையறியாமல் கையை நீட்டினார். நண்டு மெல்ல அவர் விரலுக்கு நகர்ந்தது.

"சார், ரெண்டு வார்த்தை..." என்று உதவியாளர் மைக்கை நீட்டினார்.

"உஷ்," என்றார் தாளாளர்.