பேர் மட்டும் கேட்காதீங்க

துப்பாக்கி லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஜெயக்குமார் மனைவி கலைவாணியை அழைத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கே வந்துவிட்டான். காஞ்சிபுரத்தில் அவனுக்குப் பட்டு வியாபாரம். தறி வைத்திருக்கும் வீடுகளுக்கு நூலும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலைகளை வாங்கி வருவான். போன வருடம் ஐயம்பேட்டையிலிருந்து திரும்பும்போது இரண்டு பேர் கத்தியைக் காட்டிச் சேலைகளை மூட்டையோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் விண்ணப்பித்தான். விசாரணைக்கும் பதிலுக்கும் நடுவில் அவனுக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் மயில்வாகனம் இருவரையும் உட்காரச் சொன்னார். தன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உங்களைப் பத்தி நானே தெருவுல விசாரிச்சேன். ஒருத்தர் சொன்னது ரொம்ப மோசமா இருக்குது."

"என்ன சார் சொன்னாங்க?"

இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தினமும் குடி. அமாவாசையானால் வலிப்பு. ஐயம்பேட்டையில் ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி. கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுவான். எதுவும் கிடைக்காவிட்டால் கடிப்பான்.

ஜெயக்குமார் காபிகூடக் குடிக்காதவன். எழுந்தே விட்டான்.

"யார் சார் அது? பேரை மட்டும் சொல்லுங்க."

"அதைச் சொல்லக் கூடாது. சொன்னவங்க உயிருக்கு யார் பொறுப்பு? நீங்க பாட்டுக்குக் கடிச்சு வச்சுட்டா?"

கலைவாணி கணவனின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். யாரோ புத்தி கெட்டவங்க, விட்டுடுங்க என்று கெஞ்சினாள்.

அவன் விடுவதாக இல்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. அதே தெருவில் கடை வைத்திருக்கும் வேணுகோபால்தான். தொழிலில் போட்டி. ஆள் வைத்து மூட்டையைப் பறித்ததும் அவன், மறுபடியும் பறிக்க வசதியாகத் துப்பாக்கி கிடைக்காமல் செய்ததும் அவன்.

"வேணுகோபால்தானே சார்?"

"ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்லவே வேணாம். வழிப்பறி கேஸுல அவன் பேரை இப்பவே எழுதித் தர்றேன்."

ஜெயக்குமார் பேப்பர் வாங்க வேகமாக வெளியே போனான். அவன் செருப்புச் சத்தம் மறைந்ததும் இன்ஸ்பெக்டர் கலைவாணி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, சம்பந்தமே இல்லாத மனுஷனைத் திருடன்னு எழுதப் போறார். இப்பவாவது உண்மையைச் சொல்லிடலாமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேணாம் சார். அவரை எப்படியாச்சும் சமாதானம் பண்ணி, எழுத விடாம கூட்டிக்கினு போயிடறேன். எம்பேரை மட்டும் சொல்லிடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்ட கலைவாணி, சட்டென்று ரோஷத்தோடு நிமிர்ந்தாள்.

"தப்பு உங்க மேலதான் சார். வேட்டி சட்டையில வந்து, 'ஜெயக்குமார்னு ஒரு பையன் இருக்காரே, ஆள் எப்படிம்மா?'ன்னு கேட்டா, எதிர்வீட்டுல இருந்து அவரையே நினைச்சுக்கினு இருந்த பொண்ணு, நீங்க உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கீங்கன்னுதானே நினைப்பா?"