முதல் தாம்பூலம்

ரெட்டியார்சத்திரத்துச் சோலைமலை வீட்டில் அன்று இருந்தவர்கள் நால்வர்: சோலைமலை, அடுப்படி வாசலில் அவர் மனைவி அழகம்மாள், பங்காளி இருளப்பன், சோலார் கம்பெனி அதிகாரி சுகன்யா.

கைவைத்த நாற்காலியில் சோலைமலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய கிணற்றுக்காட்டைக் கம்பெனி குத்தகைக்குக் கேட்டிருந்தது. போனமுறை வந்தவன் நின்றபடியே கையெழுத்துக் கேட்டான் என்று விரட்டியடித்தவர் அவர்.

"மரியாதை தெரியாம எங்க வீட்டுப் படி ஏறக்கூடாதும்மா."

"விசாரிச்சு, தெரிஞ்சுதான் வந்திருக்கேங்கய்யா. தாம்பூலத் தட்டோட."

"அப்படி வா வழிக்கு!" என்றார் இருளப்பன். "அண்ணே, வாங்கிக்கிருங்க."

சோலைமலை தோள்துண்டைச் சரிசெய்து இரு கைகளையும் நீட்டினார். சுகன்யா அவரைத் தாண்டிப் போய் அழகம்மாள் முன் தட்டை நீட்டினாள்.

"ஏம்மா! வீட்டுக்காரரு இங்கன இருக்காரு!" இருளப்பன் பதறினார்.

"நிலத்துக்காரங்க கையிலதானே கொடுக்கணும்?"

பங்காளிக்கு முன்னால் நீட்டிய கைகளை எங்கே வைப்பதென்று சோலைமலைக்குத் தெரியவில்லை. நாற்பது வருடமாக 'என் காடு' என்றே சொல்லிப் பழகியிருந்தார்.

"எங்கப்பா எனக்குச் சீராக் குடுத்த காடு," என்றாள் அழகம்மாள், முந்தானையில் கையைத் துடைத்தபடி. "என் மல்லிகைப் பாத்தி மேல சோலார் பலகை நிழல் விழாதுன்னா வாங்கிக்கிறேன்."

"விழாதும்மா. தள்ளி நடச் சொல்றேன்."

அன்று சோலைமலையைக் கம்பெனிக்காரி நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டதாக ஊரில் பேச்சு. அது பொய். அவராகத்தான் எழுந்தார், "உக்காந்து வாங்கு, அழகு" என்றார்.