குடோனில் இருக்கும் பிட்டு

"ஏனுங்க அம்மணி, ஊட்டுக்காரரு ட்ரில் மெஷின்ல மாட்ட எந்தப் பிட்டு வாங்கியாரச் சொன்னாருங்க?" என்று கேட்டார் ஹார்டுவேர் கடை அந்தோணிராஜ்.

"கூரைக்கு ஷீட் போடறது நானுங்க. அவரு ஏணிதான் புடிப்பாரு," என்றாள் மோகனப்பிரியா. "ரெண்டு பக்கமும் திருப்பிப் போடற காந்தப் பிட்டு குடுங்க. ஸ்க்ரூ நழுவாம நேரா இறங்கோணும்."

"அது குடோன்ல கெடக்குது, போய்த் தேடோணும். இந்தச் சாதா பிட்டே போதுமுங்க."

"ஸ்க்ரூ சாஞ்சா மழைத்தண்ணி ஒழுகுமுங்களே?"

"ஒழுகுனா ஒழுகட்டும். நம்மூட்டுக் கூரையா என்ன?"

மோகனப்பிரியா சாதா பிட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சரிங்க. உங்க சம்சாரம் கிளாடிஸ் அக்காதான் கூரை மாத்தோணும்னு போன் பண்ணி வரச் சொன்னாங்க. உங்க ஊடு கடைக்குப் பின்னாடிதானுங்களே?"

அந்தோணிராஜ் அவள் கையிலிருந்த பிட்டைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டார். குடோனுக்குக் கிளம்பினார்.